கழிவுக்குக் கணக்குக் கேட்கும் படிப்பு

வினையூக்கி ஆராய்ச்சியில் பெங்களூருக்கு முக்கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் உண்டு. அங்கே மேற்படிப்புக்கு வரும் வேதியியல் மாணவர்கள் இப்போது ஒரு புதிய கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்தது எவ்வளவு என்பது இருக்கட்டும், வீணானது எவ்வளவு?

ஒரு கிலோ மருந்துச் சரக்கைத் தயாரித்தால் எத்தனை கிலோ கழிவு மிஞ்சும்? ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ என்றுதான் பலரும் சொல்வார்கள். பிரிட்டிஷ் வேதியியலாளர் ராஜர் ஷெல்டன் 1992-ல் வெளியிட்ட கணக்கு திகைக்க வைத்தது. மருந்துத் தொழிலில் கழிவு 25 கிலோவில் தொடங்கி 100 கிலோவையும் தாண்டுகிறது. அதுவும் தண்ணீரைச் சேர்க்காமல். அதே பட்டியலில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைக்கு எதிரே இருக்கும் எண், ஒரு கிலோவுக்கு 100 கிராமுக்கும் குறைவு.

சுத்திகரிப்பு ஆலைகள் மலைபோல் உற்பத்தி செய்வதால் அவற்றின் மொத்தக் கழிவு ஒன்றும் அற்பமல்ல. ஆனால் கிலோவுக்குக் கிலோ என்று பார்த்தால், புகைபோக்கியும் நாற்றமுமாக நிற்கும் அந்த ஆலை சிக்கனக்காரர். பளிங்குத் தரையும் வெள்ளை அங்கியுமாக இருக்கும் மருந்து ஆலைதான் ஊதாரி. மருந்து மூலக்கூறு சிக்கலானது; பல படிகளைக் கடந்து உருவாகிறது; ஒவ்வொரு படியிலும் கரைப்பான்கள் கொட்டப்படுகின்றன. இவையெல்லாம் காரணம்தான். இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. சுத்திகரிப்பு ஆலையில் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் வினையூக்கிகள் வேலை செய்கின்றன. மருந்து ஆலையில் பல படிகள் இன்னமும் கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பாணியில், ஒரு பங்குக்கு ஒரு பங்கு ரசாயனத்தைக் கொட்டி நடத்தப்படுகின்றன. கொட்டிய ரசாயனம் வேலை முடிந்ததும் கழிவாகிறது.

ஷெல்டனுக்கு இந்தக் கணக்கு வகுப்பறையில் தோன்றவில்லை. 1980 வாக்கில் ஹாலந்து நாட்டு ஆலை ஒன்றில் ஃபுளோரோகுளூசினால் என்ற பொருளைத் தயாரித்துவந்தார்கள். மூலப்பொருள் டி.என்.டி. வெடிமருந்து. அதை ஆக்ஸிஜனேற்றம் செய்யப் பயன்பட்டது பொட்டாசியம் டைகுரோமேட். ஒரு கிலோ சரக்குக்குச் சுமார் 40 கிலோ திடக்கழிவு, அதில் குரோமிய உப்புகள். கழிவை அப்புறப்படுத்தும் செலவே சரக்கின் விலையை எட்டிப் பிடித்ததும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பாடப்புத்தகத்தின்படி அந்த வினையில் ஒரு குறையும் இல்லை. விளைச்சல் நன்றாகவே இருந்தது.

குரோமியம் என்றால் தமிழக வாசகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ராணிப்பேட்டை. தோல் பதனிடத் தேவையான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்த ஓர் ஆலை 1995-ல் அங்கே மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் கழிவிலிருந்து மஞ்சள் நீர் இறங்குவதும், நிலத்தடி நீர் கெட்டதும் பல ஆண்டுகளாகப் பேசப்படும் கதை. நியூயார்க்கில் உள்ள பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் 2006-ல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. ஆலையை மூடுவது ஒரு நாள் வேலை. கழிவு அப்படியே கிடக்கும்.

இந்தக் கழிவு பிறக்காமலே தடுக்க முடியுமா என்பதுதான் வினையூக்கமும் நீடித்த வேதியியலும் சேர்ந்த மேற்படிப்பின் மையக் கேள்வி.

கமிஷன் வாங்காத தரகர்

கல்யாணத் தரகர் இரண்டு வீட்டாரையும் சந்திக்க வைப்பார், பேசி முடிப்பார், தாலி கட்டியதும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். வினையூக்கியும் அப்படித்தான். மூலக்கூறுகளைத் தன் மேல் உட்கார வைத்து, அவை எளிதில் இணைய வழி செய்துவிட்டு, தான் மாறாமல் வெளியே வந்து அடுத்த ஜோடியைத் தேடும். தரகர் கமிஷன் கேட்பார், இது கேட்காது. ஒரே வினையூக்கித் துகள் லட்சக்கணக்கான முறை இதே வேலையைச் செய்யும்.

நம் சமையலறைக்கும் இது பழைய உறவு. 1937-ல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டாவை நினைத்துப்பாருங்கள். திரவமாக இருக்கும் தாவர எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கியது நிக்கல் தூள். நிக்கல் இல்லாவிட்டால் எண்ணெயும் ஹைட்ரஜனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாது. இந்த வித்தையைக் கண்டறிந்த பிரெஞ்சுக்காரர் பால் சபாத்தியேவுக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்தச் சொல் நெடுநாள் தலைவலி. பழைய நூல்களில் ‘கிரியா ஊக்கி’. பிறகு ‘வினையூக்கி’. பிளஸ் டூ பாடநூலில் ‘வினைவேக மாற்றி’. மூன்றுமே வேகத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆராய்ச்சிக்கூடத்தில் வேகத்தைவிடப் பெரிதாக மதிக்கப்படும் குணம் ஒன்று உண்டு. பத்து விதமாக நடக்கக்கூடிய வினையில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் நடத்திவைக்கும் குணம் அது. தேர்ந்தெடுக்கும் திறன் என்று அதைச் சொல்லலாம். வேண்டாத ஒன்பதும் நடந்தால் அத்தனையும் கழிவு. நல்ல வினையூக்கி என்பது வேகமானது மட்டுமல்ல, பிடிவாதமானதும்கூட.

இதனால் எவ்வளவு மிச்சமாகும்? காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் நாம் விழுங்கும் இபுபுரூஃபென் மாத்திரையே சாட்சி. 1960களில் பிரிட்டனின் பூட்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையில் ஆறு படிகள். உள்ளே போகும் அணுக்களில் 40 சதவிகிதம்தான் மருந்தாக மாறும். அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு கிலோ மருந்துக்கு ஒன்றரைக் கிலோ வீண். 1992-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிஷப் என்ற ஊரில் புதிய ஆலை ஒன்று வேலையைத் தொடங்கியது. மூன்றே படிகள். மூன்றிலும் வினையூக்கி. அணுக்களில் 77 சதவிகிதம் மருந்தில் சேர்ந்தது. மீதியில் பெரும்பகுதி அசிடிக் அமிலம், அதையும் மீட்டு விற்கலாம். வினையூக்கிகளில் ஒன்றான ஹைட்ரஜன் ஃபுளோரைடு கொடிய நஞ்சு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அது ஆலைக்குள்ளேயே மீட்கப்பட்டு மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. மாத்திரை அதேதான், குணமும் அதேதான். மாறியது அதற்குப் பின்னால் கிடக்கும் குப்பை.

1998-ல் அமெரிக்கர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு 12 விதிகளை வகுத்தார்கள். முதல் விதி, கழிவைச் சுத்தம் செய்வதைவிடக் கழிவை உண்டாக்காமல் இருப்பது மேல். ஒன்பதாவது விதி, முடிந்த இடத்திலெல்லாம் வினையூக்கியைப் பயன்படுத்து. இன்று உலகின் பல பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டு விதிகளையும் சேர்த்தே பாடம் நடத்துகின்றன.

டாடா இன்ஸ்டிடியூட்டின் சொத்து

இந்தியாவில் இந்தப் படிப்பின் பழைய முகவரிகளில் ஒன்று பெங்களூர். 1909-ல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்தை ஊர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே சொல்கிறார்கள். ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவுக்கு மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. முதல் மாணவர்கள் 1911-ல் வந்தபோதே பொது வேதியியலும் பயன்பாட்டு வேதியியலும் அங்கே இருந்தன. முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைப்பட்டபோது, உள்ளூரிலேயே சந்தன எண்ணெய் வடிக்க வழி கண்டதும் இந்தக் கழகத்தின் வேதியியலாளர்கள்தான். மைசூர் சாண்டல் சோப்பின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

1939-ல் இயக்குநராக வந்த ஞான் சந்திர கோஷ், நிலக்கரியிலிருந்து கிடைக்கும் வாயுக்களைப் பெட்ரோலாக மாற்றும் வினையூக்கிகளில் ஆர்வம் கொண்டவர். ஜெர்மனி போர்க்காலத்தில் கையாண்ட ஃபிஷர்-டிராப்ஷ் முறைதான் அது. கோபால்ட் வினையூக்கிகளின் மேல் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்ஸைடும் எப்படி ஒட்டுகின்றன என்று கோஷுடன் ஆராய்ந்தவர்களில் எம்.வி.சி. சாஸ்திரி ஒருவர். அவரே பின்னர் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து வினையூக்கி ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டார். அந்த அடித்தளத்தின் மேல்தான் 2006-ல் பி. விஸ்வநாதன் தலைமையில் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் எழுந்தது. வினையூக்கித் தொழில்நுட்பத்துக்கென்றே தனி எம்.டெக். படிப்பும் அங்கே வந்தது. பெங்களூரில் விதை, சென்னையில் கிளை.

பெங்களூர் தானும் சும்மா இருக்கவில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் கே.சி. படீல், கிங்ஸ்லியுடன் சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஒரு முறை எளிமைக்குப் பெயர் பெற்றது. அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, 500 டிகிரிச் சூட்டில் உள்ள உலைக்குள் வைக்கிறார்கள். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றுகிறது. சில நிமிடங்களில் மிச்சமாவது பஞ்சு போன்ற நுண்ணிய அலுமினா. வழக்கமான முறையில் இதற்கு 1,000 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சுட வேண்டும். யூரியா என்றால் வயலுக்குப் போடும் உரம் என்று மட்டுமே தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். நேரமும் மின்சாரமும் மிச்சம். கிடைக்கும் தூள் வினையூக்கிக்கு ஏற்றது.

அதே வளாகத்தில் எம்.எஸ். ஹெக்டே, கிரிதர் மத்ராஸ் ஆகியோருடன் சேர்ந்து இந்த எரிப்பு முறை அடுத்த கட்டத்துக்குப் போனது. கார்களின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களை அடக்கும் வினையூக்கிப் பெட்டி இந்தியாவுக்கு வந்தது 1995 ஏப்ரலில். டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பெட்டியைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் நாடு முழுவதும் விடைபெற்றது. பெட்டிக்குள் இருப்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மூன்றும் விலை உயர்ந்தவை, பெரும்பாலும் இறக்குமதியாகிறவை.

ஹெக்டே குழுவின் யோசனை இதுதான்: இந்த உலோகத்தைத் துகள்களாக மேலே தூவினால், துகளுக்குள் புதைந்திருக்கும் அணுக்கள் வேலையில்லாமல் கிடக்கும். மாறாக, சீரியம் ஆக்ஸைடு என்ற பொருளின் கட்டமைப்புக்குள்ளேயே, நூறு சீரியம் அணுக்களில் ஓரிரண்டுக்குப் பதிலாகப் பல்லேடியத்தை அயனியாக உட்கார வைத்தால்? ஒவ்வொரு அணுவும் வேலைக்கு வரும். குறைந்த உலோகத்தில் அதிக வேலை. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டைகளின் மேல் எரிப்பு முறையிலேயே இதை நேரடியாகப் பூசியும் காட்டினார்கள். ஒரு கோடி வாகனங்களைத் தாண்டிவிட்ட பெங்களூரில் இது ஏட்டுச் சுரைக்காய் ஆராய்ச்சி அல்ல.

காற்றிலிருந்து எரிபொருள்

நகரின் வடக்கே ஜக்கூரில் 1989-ல் தொடங்கப்பட்டது ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். முதல் தலைவர் சி.என்.ஆர். ராவ். இங்கே செபாஸ்டியன் பீட்டர் குழு எடுத்துக்கொண்ட சவால், கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்றுவது. இந்தத் தொழில்நுட்பத்தோடு உருவான பிரீத் என்ற குழு, 2 கோடி டாலர் பரிசுக்கான உலகளாவிய கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2018-ல் இறுதிச் சுற்றின் 10 குழுக்களில் ஒன்றானது. 2021-ல் முதல் பரிசுகளைத் தட்டிச்சென்றவை கரியமில வாயுவைக் கான்கிரீட்டுக்குள் அடைத்த இரண்டு நிறுவனங்கள். ஆனாலும் பெங்களூர் ஆய்வுக்கூடத்துத் தூள் ஒன்று அவ்வளவு தூரம் போனது சாதாரணமல்ல.

இங்கேதான் நீடித்த வேதியியல் தன் கறாரான முகத்தைக் காட்டுகிறது. கரியமில வாயுவை மெத்தனாலாக்க ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? இயற்கை எரிவாயுவை உடைத்துத் தயாரித்தால் அங்கேயும் கரியமில வாயு வெளியாகிறது. இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொட்டிய கதை. சூரிய ஒளி, காற்று மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுத்தால்தான் கணக்கு நேராகும். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் அறிவித்த பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் இலக்கு வைத்திருக்கிறது. தண்ணீரைப் பிரிக்கவும் வினையூக்கி தேவை. அதில் சிறந்தவை இரிடியம், பிளாட்டினம் போன்ற அபூர்வ உலோகங்கள் என்பதுதான் சிக்கல். இரும்பு, நிக்கல், கோபால்ட்டை வைத்து அவற்றின் வேலையை வாங்க முடியுமா என்பது இன்று பல மாணவர்களின் ஆய்வுத் தலைப்பு.

எப்படிப் போவது?

பெங்களூரின் இந்த இரண்டு நிறுவனங்களிலும் வினையூக்கியில் சேர விரும்புகிறவர் பெயர்ப் பலகையை நம்பித் தேடக் கூடாது. வேதியியல், திடநிலை வேதியியல், ரசாயனப் பொறியியல், பொருளியல் விஞ்ஞானம் என்று பல துறைகளில் அது பரவிக் கிடக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு வழி, ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு. அதன் மூலம் எம்.எஸ்சி.யையும் பிஎச்.டி.யையும் இணைத்த படிப்பில் சேரலாம். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட் தேர்வுகள். நெட் தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெறும் ஆராய்ச்சி மாணவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. வினைவேக மாற்றியைத் தமிழில் நன்றாகவே புரிந்துகொண்டு வந்த பிளஸ் டூ மாணவர், பி.எஸ்சி. முதலாண்டில் அதே பொருளை வேறு பெயரில் முதலிலிருந்து படிக்கிறார். விஷயம் தெரியாமல் அல்ல, சொல் தெரியாமல் பின்தங்குகிறவர்கள் நிறைய. இதைத் தாண்டிப் போனவர்களும் இல்லாமல் இல்லை. சென்னை லயோலா கல்லூரியில் படித்த பால் ரத்னசாமி, ஜியோலைட் வினையூக்கிகளில் உலகப் புகழ் பெற்று, 1995-ல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

வேலை? பெங்களூருக்கு அருகே தேவனகுந்தியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பசுமை ஆராய்ச்சி மையம் 2016-ல் வந்தது. ஷெல், சாபிக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும் நகரில் ஆராய்ச்சி மையங்களைத் தொடங்கின. சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலைகள், மருந்து நிறுவனங்கள், வாகனப் புகைத் தொழில் என்று வாய்ப்புகள் பரவலானவை. ஆனால் பொறுமை இல்லாதவர்களுக்கு இது இடமல்ல. அரை கிராம் தூளைக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, வாயுவைச் செலுத்தி, சூட்டை ஏற்றி, என்ன வெளியே வருகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பல நாட்களில் பதில், ‘ஒன்றும் வரவில்லை’.

பச்சைச் சாயம்

துறை பிரபலமானதும் போலிகளும் கூடவே வந்துவிட்டன. வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு, ஏதாவதொரு இலைச் சாறில் நுண்துகள் தயாரித்துவிட்டு, தலைப்பில் ‘பசுமை’ என்று சேர்த்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். இலை பச்சையாக இருப்பதால் முறை பசுமையாகிவிடாது. எவ்வளவு கரைப்பான், எவ்வளவு மின்சாரம், கடைசியில் எவ்வளவு கழிவு என்ற கணக்கு அவற்றில் பலவற்றில் கிடையாது.

இன்னொரு பலவீனம் ஆயுள். ஆய்வுக்கூடத்தில் பத்து மணி நேரம் நன்றாக ஓடிய வினையூக்கி கட்டுரைக்குப் போதும். ஆலைக்காரர் கேட்பது ஆண்டுக் கணக்கில். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரி படியும், கந்தகம் நஞ்சாகும். இதனால் செத்துப்போன வினையூக்கிகளே அதிகம். தோற்றுப்போன சோதனைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினால் பாராட்ட ஆளில்லை என்பதால், அடுத்த மாணவரும் அதே தவறில் ஓராண்டைத் தொலைக்கிறார்.

ஆனால் பெரிய குறை மேற்படிப்பில் இல்லை. அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. உலகத்துக்கு மலிவு விலையில் மருந்து தயாரிக்கும் நாடு இது. ஐதராபாத் அருகே படன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்ஸசின் மருந்து இருந்ததாக சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் கண்டார்கள். சுத்திகரித்த பிறகு இந்த நிலை. குழாயின் முனையில் வடிகட்டி வைத்துத் தப்பிக்க முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்த ஆலைகளில் நாளை வினைமுறையைத் தீர்மானிக்கப் போகிறவர்கள் இன்று ஏதோ ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலரே பெங்களூருக்கோ சென்னை ஐ.ஐ.டி.க்கோ போவார்கள்.

மற்றவர்களுக்குச் செய்முறைத் தேர்வில் வழக்கமாகக் கிடைக்கும் மதிப்பெண், தயாரித்த பொருளின் எடைக்குத்தான். தேர்வு முடிந்ததும் தொட்டியில் ஊற்றிய திரவத்தின் எடையை யாரும் கேட்பதில்லை. புதிய கட்டடமோ கருவியோ தேவைப்படாத ஒரு சீர்திருத்தம் உண்டு. விளைச்சல் எவ்வளவு என்ற கேள்விக்குக் கீழே, கழிவு எவ்வளவு என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும். தராசு ஏற்கெனவே மேசை மேல்தான் இருக்கிறது.